திருவருகைக் காலத்தைப் பங்கோடு சேர்ந்து வாழ்வது எப்படி

டிசம்பர் பிறந்ததும் நம் பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில்) வேலைகள் குவிந்துவிடுகின்றன. கேரல் பவனிக்கு வீடுகளின் பட்டியல், குடில் போட்டி அறிவிப்பு, பாடகர் குழுவின் இரவுப் பயிற்சி, மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகம், நட்சத்திரம் கட்ட மூங்கில், புத்தாடை, பலகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலிக்குள் பலர் களைத்துப்போய்விடுகிறார்கள். சிலர் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலையிலேயே கோவிலுக்குள் நுழைகிறார்கள். விழா சிறப்பாகவே நடந்து முடிகிறது, ஆனால் மகிழ்ச்சியும் அமைதியும் எங்கோ வழியில் நழுவிவிட்டன என்ற உணர்வு பலருக்கும் எஞ்சுகிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒரு மாதம் முன்பே கொண்டாடத் தொடங்கிவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காத்திருப்பதற்கென்று திருச்சபை ஒதுக்கித் தந்த நாள்களை, அதாவது அவ்விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தை, நாம் விழாவுக்குள் சேர்த்துக் கரைத்துவிடுகிறோம். திருவழிபாட்டு ஆண்டைப் பற்றி 1969-இல் வெளியான பொது நெறிமுறைகள், திருவருகைக் காலத்தைப் பக்தியும் மகிழ்ச்சியும் நிறைந்த எதிர்பார்ப்பின் காலம் என்று வரையறுக்கின்றன. எதிர்பார்ப்பிலேயே ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதையும், அதை வாழ்ந்து பார்க்கத் தனித் தவமுயற்சிகள் எவையும் தேவையில்லை, பங்கில் ஏற்கெனவே நடக்கும் காரியங்களில் நிதானமாகப் பங்கெடுத்தாலே போதும் என்பதையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் அறிந்தவை தமிழ்நாட்டின் தென்கோடிப் பங்குகள் என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

நாள்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

திருவருகைக் காலம் புனித அந்திரேயாவின் திருநாளாகிய நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. எனவே அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அமைகிறது. ஞாயிறுகள் எப்போதும் நான்குதான் என்றாலும், காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு 22 நாள்களிலிருந்து 28 நாள்கள் வரை மாறும். கிறிஸ்து பிறப்பு விழா திங்கட்கிழமையில் வரும் ஆண்டில் நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24-உம் ஒரே நாளாகிவிடும்; அப்படிப்பட்ட ஆண்டில் ஆயத்தங்களை முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் கடைசி வாரம் மூச்சுத் திணற வைக்கும். 2026-இல் முதல் ஞாயிறு நவம்பர் 29. விழா வெள்ளிக்கிழமையில் வருவதால் நான்காம் ஞாயிறுக்குப் பிறகும் நான்கு வேலை நாள்கள் கிடைக்கின்றன.

இக்காலத்துக்குள் இரண்டு பகுதிகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கியே நம் மனத்தைத் திருப்புகின்றன. டிசம்பர் 17 முதல் 24 வரையிலான எட்டு நாள்கள் அவருடைய பிறப்புக்கு நேரடியாக நம்மை ஆயத்தப்படுத்துகின்றன. இந்தப் பிரிவினையை வீட்டு வேலைகளுக்கும் பொருத்திக்கொள்ளலாம். கடைக்குப் போவது, துணி தைக்கக் கொடுப்பது, வெள்ளையடிப்பது போன்ற வெளிவேலைகளை 16-ஆம் தேதிக்குள் முடித்துவிட முயலுங்கள். எல்லாருக்கும் இது முழுமையாகக் கைகூடாது. கூலி வாரக் கடைசியில்தான் கைக்கு வரும் குடும்பங்களுக்குப் புத்தாடை 23-ஆம் தேதிதான் வாங்க முடியும். இருந்தாலும் பாதி வேலை முன்கூட்டியே முடிந்தாலும் அந்தக் கடைசி எட்டு நாள்களின் தன்மை மாறிவிடுகிறது.

முதல் ஞாயிறுத் திருப்பலி முடிந்தவுடன் அறிவிப்புகளைக் கவனித்துக் கேட்டு, திருவருகைக் காலத் தியானம் என்று நடக்கிறது, பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) அண்டைப் பங்குகளின் குருக்கள் எந்த மாலையில் வருகிறார்கள், உங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் யார் வீட்டில் என்ற மூன்றையும் வீட்டு நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். குறித்து வைக்காத நாளைக் கல்யாண வீடும் கடைத்தெருவும் எடுத்துக்கொள்ளும்.

நாகர்கோவிலில் உள்ள கோட்டாறு போன்ற இடங்களில் இக்காலம் ஒரு பெரிய திருவிழாவோடு சேர்ந்தே வருகிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவில் உயிர்நீத்தார். அந்நாளே அவருடைய திருநாள் என்பதால் கோட்டாறு பேராலயத்தின் பத்து நாள் விழா தேரோட்டத்தோடு அன்றுதான் நிறைவுறுகிறது. விழாக் கூட்டத்திலும் கடைவீதியிலும் திருவருகைக் காலத்தின் தொடக்கம் கண்ணில் படாமல் போய்விடும் என்று சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. 1542-இல் தென்தமிழ்நாட்டுக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், செபங்களைத் தமிழில் எழுதுவித்து, தாமே அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆண்டவரின் வருகையை நம் முன்னோருக்கு அறிவித்தவரின் திருநாளோடு காத்திருப்பு தொடங்குவது பொருத்தமானதே. அவர் செய்ததைப் போலவே இம்மாதத்தில் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கலாம். மூவேளைச் செபம் இக்காலத்துக்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அது வானதூதர் மரியாவுக்கு அறிவித்த செய்தியையே நாள்தோறும் மும்முறை நினைவுகூர்கிறது.

ஞாயிறுத் திருப்பலியில் எதைக் கவனிப்பது

குருவின் திருவுடை ஊதா நிறத்துக்கு மாறுகிறது. 'உன்னதங்களிலே' பாடல் நிறுத்தப்படுகிறது, ஆனால் தவக்காலத்தைப் போலன்றி அல்லேலூயா தொடர்கிறது. பீடத்தின் மலர் அலங்காரமும் இசைக்கருவிகளின் ஒலியும் அளவோடு இருக்க வேண்டும் என்றும், ஆண்டவருடைய பிறப்பின் முழு மகிழ்ச்சியை அவை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடக் கூடாது என்றும் உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கூறுகிறது. பாடகர் குழுவில் இருப்பவர்கள் இதைச் சற்று ஆழமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மாட்டுத்தொழுவத்தைப் பற்றிய பாடல்களை டிசம்பர் முதல் வாரத்திலேயே திருப்பலியில் பாடிவிட்டால், நள்ளிரவில் பாட நமக்கு எது மிச்சமிருக்கும்? இக்காலத்துக்கென்றே உள்ள வருகைப் பாடல்களைக் கீபோர்டின் தாளப் பெட்டியை அணைத்துவிட்டு, மெல்லிய சுருதியோடு பாடுங்கள். நான்கு வாரம் பாடாமல் காத்த 'உன்னதங்களிலே' 24-ஆம் தேதி இரவு மணியோசையோடு எழும்போது கோவில் முழுவதும் அதன் வேறுபாட்டை உணர்வதை நீங்களே காண்பீர்கள்.

ஞாயிறு வாசகங்களைச் சனிக்கிழமை இரவே வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டு வருவது நல்லது. முதல் ஞாயிறு விழித்திருக்கச் சொல்கிறது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். நான்காம் ஞாயிறு மரியாவையும் யோசேப்பையும் நம் முன் நிறுத்துகிறது. மூவாண்டுச் சுழற்சியில் நற்செய்தி நூல் மாறினாலும் இந்த வரிசை மாறுவதில்லை. வார நாள் திருப்பலிக்குச் செல்ல முடிந்தவர்களுக்கு எசாயா இறைவாக்கினரின் பகுதிகள் தொடர்ந்து கிடைக்கும். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்றும், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும் என்றும் அவர் பாடியது, போராலும் பகையாலும் களைத்துப்போன மக்களிடம்.

பீடத்தருகே வைக்கப்படும் நான்கு மெழுகுதிரி வளையத்தின் வரலாறு அழகானது. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் நடத்திவந்த லூத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விகெர்ன், விழா எப்போது வரும் என்று நாள்தோறும் நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். கத்தோலிக்கக் கோவில்களுக்கு அது 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. பிரிந்த சகோதரர் ஒருவரிடமிருந்து நமக்கு வந்த கொடை என்பதை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதை வீட்டிலும் செய்துவிடலாம்: ஒரு தாம்பாளம், சுற்றிலும் வேப்பிலை அல்லது மாவிலை, மூன்று ஊதா நிற மெழுகுதிரிகளும் ஓர் இளஞ்சிவப்பு மெழுகுதிரியும் போதும். நிற மெழுகுதிரி கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுதிரியில் ஊதா ரிப்பன் கட்டிக்கொள்ளுங்கள். இரவு உணவுக்கு முன் மின்விளக்கை அணைத்து, அந்த வாரத்துக்குரியவற்றை வீட்டின் இளைய பிள்ளை ஏற்ற, ஒருவர் நற்செய்தியில் நான்கு வரிகளை வாசிக்க, ஒரு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' சொல்லி முடிக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்; நீண்டால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

மூன்றாம் ஞாயிறு

இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றப்படும் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு என்றே அழைக்கப்படுகிறது. அன்று குருவும் இளஞ்சிவப்புத் திருவுடை அணியலாம். அன்றைய வருகைப் பல்லவி பவுல் அடியார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது: ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள் என்பதே அதன் அழைப்பு. இதைத் திருப்பலியோடு விட்டுவிடாமல் வீட்டுக்கு வந்து திருவிவிலியத்தைத் திறந்து, அந்த அதிகாரத்தின் 4 முதல் 7 வரையுள்ள வசனங்களைச் சேர்த்து வாசிக்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். மகிழ்ச்சியில் தொடங்கும் அப்பகுதி, உங்கள் கனிந்த உள்ளம் எல்லாருக்கும் தெரியட்டும் என்கிறது. ஆண்டவர் அண்மையில் இருக்கிறார் என்கிறது. எதைப்பற்றியும் கவலைப்படாமல், நன்றியோடு உங்கள் விண்ணப்பங்களைக் கடவுளிடம் தெரிவியுங்கள் என்கிறது. அறிவெல்லாம் கடந்த இறை அமைதி உங்கள் உள்ளத்தைப் பாதுகாக்கும் என்று முடிகிறது. மகிழ்ச்சிக்கும் அமைதிக்கும் நடுவே பவுல் வைத்திருப்பவை கனிவும் நன்றியும் மன்றாட்டும். இதை அவர் எழுதியது சிறையில், விலங்கிடப்பட்ட நிலையில். கடன், நோய், பிள்ளையின் வேலையின்மை, மருமகளோடு மனத்தாங்கல் என்று ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும்போது 'மகிழுங்கள்' என்ற அழைப்பு கசப்பாகத் தோன்றுவது இயல்பு. சூழ்நிலை சீரான பின் மகிழுங்கள் என்று பவுல் சொல்லவில்லை என்பதை அறிந்தால் அக்கசப்பு சற்றுக் குறையும்.

அன்றைய நாளில் செய்யத்தக்க எளிய காரியம் ஒன்று உண்டு. அந்த ஆண்டில் நீங்கள் பெற்ற நன்மைகளுள் சிலவற்றை ஒரு தாளில் எழுதி, அவற்றுக்குக் காரணமான மனிதர்களுள் ஒருவருக்காவது அன்று மாலைக்குள் நேரில் சென்றோ தொலைபேசியிலோ நன்றி சொல்லுங்கள். கோவிலைப் பெருக்கும் அம்மாவுக்கும், மணியடிக்கும் கோவில்பிள்ளைக்கும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியைக்கும் பங்கில் யாரும் நன்றி சொல்வதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

பாவசங்கீர்த்தனமும் பங்குச் சண்டையும்

அமைதியைத் தேடுகிறவர்கள் இக்காலத்தில் முதலில் செய்ய வேண்டியது ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுவது. இதைத் தள்ளிப்போட்டு, 24-ஆம் தேதி மாலையில் நீண்ட வரிசையில் நின்று அவசரமாக முடித்துக்கொள்வது பலரின் வழக்கம். அந்த நேரத்தில் குருவும் களைத்திருப்பார். உங்கள் மனமும் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பலகாரத்தில் இருக்கும். இரண்டாம் வாரத்துக்குள் பெற்றுவிட்டால், அதன் பலனோடு மீதி நாள்களை வாழலாம்.

முந்தின இரவு பத்து நிமிடம் ஒதுக்கி ஆன்மச் சோதனை செய்துகொள்ளுங்கள். கடவுளோடு, வீட்டாரோடு, பங்கு மக்களோடு உள்ள உறவு என்று மூன்று வட்டங்களாகப் பார்த்தால் எளிதாக இருக்கும். சிலர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மாமியாரின் குறைகளையும் அண்டை வீட்டாரின் குறைகளையும் விரிவாகச் சொல்லித் தங்கள் குறையை மறந்துவிடுகிறார்கள். நம் பாவத்தை மட்டும், சுற்றி வளைக்காமல், நேராகச் சொல்வதே அங்கே செய்ய வேண்டியது. பல ஆண்டுகள் விலகியிருந்தவர்களுக்கு எந்தச் செபத்தைச் சொல்வது, எப்படித் தொடங்குவது என்ற தயக்கம் பெரிதாக இருக்கும். "சாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடங்கள் ஆகிவிட்டன, முறை மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்று சொன்னால் போதும். மீதியை அவர் கைபிடித்து நடத்திக்கொள்வார். அங்கே சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாதபடி குரு கட்டுப்பட்டிருக்கிறார். சொந்தப் பங்குத்தந்தையிடம் கூச்சமாக இருந்தால், அண்டைப் பங்குகளின் குருக்கள் வரும் அந்த மாலை உங்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மனிதரோடு ஒப்புரவாவது. பங்குகளில் நிலவும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் பெரிய விசுவாசக் கேள்விகளால் வந்தவை அல்ல. கேரல் கணக்கு, குடில் போட்டியின் பரிசு, வாசகம் வாசிக்க ஒருவருக்கு வாய்ப்புக் கொடுத்து இன்னொருவரை விட்டுவிட்டது, அன்பியப் பொறுப்பாளர் தேர்தல் ஆகியவைதாம் இரண்டு குடும்பங்களைப் பல ஆண்டுகள் பேசாமல் வைத்திருக்கின்றன. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்ற ஆண்டவரின் சொல்லை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதைச் செய்வதற்குச் சில நடைமுறைகள் உதவும். கோவில் வாசலில் பத்துப் பேர் பார்க்கப் பேசாதீர்கள்; அவருடைய வீட்டுக்குப் போங்கள். நடுவர் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வந்தவர் பழைய கதையைத் திரும்பக் கிளறிவிடுவார். நடந்ததில் யார் பக்கம் நியாயம் என்ற ஆய்வுக்குள் நுழையாமல், உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, போன வருடம் கேரல் கணக்கில் நான் பேசியது அதிகப்படி. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் குடில் வேலைக்கு நானும் வருகிறேன்." இவ்வளவுதான். அவர் ஏற்றுக்கொண்டால் காப்பி குடித்துவிட்டு வரலாம். ஏற்காவிட்டால் வாக்குவாதம் செய்யாமல் எழுந்து வந்து அவருக்காகச் செபியுங்கள். உங்கள் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடியும் வன்முறையும் அனுபவித்தவர்கள், தங்களைத் துன்புறுத்தியவரின் வீட்டு வாசலுக்கு மீண்டும் போக வேண்டும் என்று யாரும் அவர்களை வற்புறுத்தக் கூடாது. அவர்களுடைய பாதுகாப்பே முதன்மையானது. நம்பகமான ஒருவரின் துணையோடு அவர்கள் தங்கள் அமைதியைத் தேடட்டும்.

அன்பியமும் ஏழைகளும்

அன்பியக் கூட்டத்துக்குப் போகாமல் ஞாயிறுத் திருப்பலிக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் பெரிய பங்குகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பரிந்துரை, இந்த நான்கு வாரங்களில் ஒரு கூட்டத்துக்காவது போக வேண்டும் என்பதே. பல இடங்களில் பின்பற்றப்படும் ஏழு படி நற்செய்திப் பகிர்வில், ஒரு பகுதியை வாசித்து, மனத்தைத் தொட்ட சொற்களை உரக்கத் திருப்பிச் சொல்லி, சற்று நேரம் மௌனமாக இருந்து, பின் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த மௌனத்தைப் பொறுப்பாளர்கள் சுருக்கிவிடாமல் மூன்று நிமிடமாவது காக்க வேண்டும். ஒரு தெருவில் பதினைந்து பேர் ஒரே அறையில் அமர்ந்து பேசாமல் இருக்கும் அந்த மூன்று நிமிடம் டிசம்பர் மாதத்தில் வேறெங்கும் கிடைக்காது.

உதவி செய்வதைப் பற்றி லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் சொல்வது மிகவும் நடைமுறையானது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட மக்களிடம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்கிறார்; வரி தண்டுவோரிடம், விதித்ததற்கு மேல் தண்டாதீர்கள் என்கிறார்; படைவீரரிடம், யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் உங்கள் ஊதியத்தோடு நிறைவடையுங்கள் என்கிறார். தொழிலை விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்கு வரும்படி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடை நடத்துபவர் எடையைச் சரியாகப் போடுவதும், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் விழாவுக்கு முன்பே கூலியைக் கொடுத்துவிடுவதும், வட்டிக்குக் கொடுத்தவர் இம்மாதம் வாசலில் நின்று கேட்காமல் இருப்பதும் முழுமையான திருவருகைக் கால ஆயத்தங்கள்.

புத்தாடையும் அரிசியும் வழங்குவதைப் பங்கின் மேடையில் பெயர் வாசித்து, படம் எடுத்துச் செய்யும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன். 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவர்களுடைய வீட்டுக்கே சென்று சந்திப்பதைத் தன் அடிப்படைப் பணியாகக் கொண்டது. உங்கள் பங்கில் அச்சபை இருந்தால், யாருக்கு என்ன தேவை என்பது அதன் உறுப்பினர்களுக்குத் தெரியும். நீங்கள் கொடுக்க விரும்புவதை அவர்களிடம் கொடுங்கள், இயன்றால் ஒரு சந்திப்புக்கு அவர்களோடு நீங்களும் போங்கள்.

கேரல் பவனி துக்க வீட்டுக்கு வரும்போது

இளையோர் கேரல் பவனியில் கொட்டு, ஆட்டம், கிறிஸ்மஸ் தாத்தா, மிட்டாய் எல்லாம் இருக்கட்டும். பிள்ளைகளின் அந்த மகிழ்ச்சியைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கேரல் குழு விட்டுவிட்டுப் போகும் வீடுகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். அந்த ஆண்டில் இறப்பு நேர்ந்த குடும்பம், "இந்த வருடம் எங்களுக்கு விழா இல்லை" என்று சொல்லி நட்சத்திரம் கட்டாமல் இருக்கும். குழுவும் மரியாதை கருதி அந்த வாசலைக் கடந்து போய்விடும். நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுதான்; ஆனால் தெரு முழுவதும் கொட்டு முழங்கிவிட்டுத் தன் வீட்டின்முன் மட்டும் அது ஓய்ந்து கடந்து செல்வதை உள்ளே இருட்டில் அமர்ந்து கேட்கும் ஒரு தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பகலிலேயே ஒருவர் அந்த வீட்டுக்குச் சென்று அனுமதி கேட்டுவிட வேண்டும். இரவில் கொட்டைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வேடமணிந்தவர்களும் அங்கேயே நிற்க, நான்கைந்து பேர் மட்டும் பாலன் இயேசுவின் சுருபத்தை ஏந்தி உள்ளே போகலாம். மெதுவாக ஒரே ஒரு வருகைப் பாடல், செபமாலையின் ஒரு பத்துமணிச் செபம், இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு மன்றாட்டு. பிறகு வீட்டார் பாலனை முத்தி செய்ய விடுங்கள். காணிக்கை உண்டியலை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அவர்கள் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

2017-ஆம் ஆண்டைக் குமரிக் கடற்கரை மறக்காது. நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுள் பலர் திரும்பவில்லை. அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. கணவனும் மகனும் வருவார்களா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் 'காத்திருங்கள்' என்ற வாசகம் எப்படி ஒலித்திருக்கும்! அப்படிப்பட்ட வீடுகள் உள்ள பங்கில், மகிழ்ச்சி என்பது துக்கத்தை மூடி மறைக்கும் அலங்காரமாக இருக்க முடியாது. துக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து அமர்கிறவர்கள் இருக்கும் இடத்திலேயே அது மெல்லத் துளிர்க்கும்.

டிசம்பர் 17 முதல் 24 வரை

இந்த எட்டு நாள்கள் நம் நாட்டில் மார்கழியின் தொடக்கத்தில் வருகின்றன. விடியற்காலையில் எழுவது நம் மண்ணுக்குப் பழகிய ஒன்று. அந்தக் குளிர்ந்த காலையில் திருப்பலிக்குச் செல்ல முடிந்தவர்கள் கட்டாயம் செல்லுங்கள். ஒவ்வொரு நாளின் நற்செய்தியும் ஒரே கதையின் அடுத்த பகுதியாக வருவதால், ஒரு நாளைத் தவறவிட்டாலும் வீட்டில் வாசித்துத் தொடரலாம்.

17-ஆம் நாள் மத்தேயு தரும் மூதாதையர் பட்டியல். வாய்க்குள் நுழையாத பெயர்கள் என்று சலித்துக்கொள்ளாமல், அதில் வரும் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய பெண்களைக் கவனியுங்கள். பிற இனத்தாரும், ஊர் வாயில் விழுந்தவர்களும் ஆண்டவருடைய குடும்ப மரத்தில் இருக்கிறார்கள். தன் குடும்பத்தை நினைத்து வெட்கப்படுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான வாசகம் இல்லை. 18-இல் யோசேப்பின் கனவு. 19-இல் செக்கரியாவின் ஐயமும் பேச்சிழப்பும். 20-இல் மரியாவுக்கு வந்த செய்தி. 21-ஆம் நாள் மரியா மலைநாட்டுக்கு விரைந்து செல்ல, எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை மகிழ்ச்சியால் துள்ளுகிறது. 22-இல் மரியாவின் பாடல். 23-இல் யோவானின் பிறப்பு. 24-ஆம் நாள் காலையில் செக்கரியாவின் பாடல், நம் கால்களை அமைதியின் வழியில் நடத்தும் விடியலைப் பற்றிச் சொல்லி முடிகிறது. 21-இன் மகிழ்ச்சி இரு பெண்கள் ஒருவரையொருவர் சந்தித்ததால் வந்தது; 24-இன் அமைதி, ஒன்பது மாதம் பேச முடியாதிருந்த ஒரு முதியவரின் வாயிலிருந்து வந்தது. 21-ஆம் தேதி கர்ப்பிணிப் பெண் ஒருவரையோ தனியாக வாழும் மூதாட்டி ஒருவரையோ போய்ப் பார்ப்பதும், 24-ஆம் தேதி காலையில் ஒரு மணி நேரமாவது கைபேசியை அணைத்து வைப்பதும் அந்த வாசகங்களை வாழ்ந்து பார்க்கும் வழிகள்.

17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழ்மாலையில், மரியாவின் பாடலுக்கு முன் ஏழு பழைய பல்லவிகள் பாடப்படுகின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் மன்னரே, இம்மானுவேலே என்று நாளுக்கு ஒரு பெயரால் கிறிஸ்துவை அழைத்து 'வாரும்' என்று அவை வேண்டுகின்றன. அன்றைய பெயரைக் காகிதத்தில் எழுதி வீட்டு மெழுகுதிரி வளையத்தருகே வைத்தால் பிள்ளைகள் ஆவலோடு சேர்ந்துகொள்வார்கள்.

குடில் வேலையையும் இந்த நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1223-இல் கிரேச்சோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் சுருபங்கள் இல்லை. வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் கூடியிருந்த மக்களும்தான் இருந்தார்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் புல்லை விடுத்து, 17-ஆம் தேதி கேழ்வரகை விதைத்துப் பாருங்கள். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி வைத்தால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அகலமான தட்டில் ஈரத் தென்னைநார்த் தூளைப் பரப்பி, முளைகளை நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்து வாருங்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் தெரியாது. பிள்ளைகள் மண்ணைக் கிளறிப் பார்க்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். பிறகு ஊசிமுனை போலப் பச்சை தெரியத் தொடங்கி, 24-ஆம் தேதிக்குள் குடிலின் முன்னே விரிக்க விரலளவு உயரமுள்ள புல் ஆயத்தமாகிவிடும். தீவனத் தொட்டியை நள்ளிரவுவரை வெறுமையாகவே வையுங்கள். பாலனின் சுருபத்தைத் திருப்பலி முடிந்து வந்தபின் வீட்டின் மூத்தவர் கிடத்தட்டும்.

கோவிலுக்கு வர இயலாதவர்கள்

படுக்கையில் இருக்கும் முதியோருக்கு டிசம்பர் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுவரப்படும்போது, அவர்களுக்காக ஒரு மெழுகுதிரியும் வெள்ளைத் துணியும் வைத்து வீட்டார் கூடியிருந்தால் அதுவே அவர்களுக்குத் திருவருகைக் கால வழிபாடு. இதுவரை பெயர் கொடுக்காதவர்கள் பங்குத்தந்தையிடம் முதல் ஞாயிறன்றே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கும், வளைகுடா நாடுகளில் இருக்கும் தந்தையருக்கும் ஊர்க் கோவில் எட்டாது. ஆனால் அன்றைய நற்செய்தி உலகெங்கும் ஒன்றுதான். வீட்டில் மெழுகுதிரி ஏற்றும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் அழைத்து, வாசகத்தை வாசிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிட்டால், தூரத்திலிருந்து வேடிக்கை பார்ப்பவராக இல்லாமல் செபத்தை நடத்துபவராக அவர்கள் இருப்பார்கள்.

24-ஆம் தேதி

முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் 22-ஆம் தேதிக்குள் சுட்டு டின்னில் போட்டுவிடுங்கள். 24 மதியத்துக்குப் பிறகு அடுப்படியில் பெண்களை மட்டும் விட்டுவிடாமல் வீட்டிலுள்ள எல்லாரும் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரம் உறங்கட்டும். திருப்பலிக்கு அரை மணி முன்னதாகவே சென்று அமர்ந்து, இருக்கையில் இடம் பிடித்து வைக்காமல், புதிதாக வருகிறவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர்களுக்கும் நகர்ந்து இடம் கொடுங்கள். 'இப்போதுதான் கோவில் தெரிந்ததா' என்ற பார்வை அவர்கள்மேல் விழாதிருக்கட்டும்.

திட்டமிட்டவற்றுள் பாதியைத்தான் செய்ய முடிந்தது என்றால் அதற்காக வருந்த வேண்டாம். கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25-இல் முடிந்துவிடுவதில்லை. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது தொடர்கிறது. பார்க்க நினைத்துப் பார்க்காமல் விட்ட நோயாளி, சொல்ல நினைத்துச் சொல்லாத மன்னிப்பு, கேரல் குழு போகாத துக்க வீடு ஆகியவற்றின் பெயர்களை நாள்காட்டியின் அடுத்த பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் எல்லார் வீட்டிலும் பலகாரம் மிச்சமிருக்கும், நேரமும் இருக்கும்.